தள்ளிப்போடவும் வரவழைக்கவும் ஒரே மாத்திரை: கருப்பை உட்படலம் வளர்வதும் நிற்பதும் எப்படி?

பங்குனியில் பண்ணாரி குண்டமும் ஈரோடு பெரிய மாரியம்மன் கோயில் கம்பமும் நெருங்கும்போது, நோம்பி முடியும்வரை மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை கேட்டு மருந்துக்கடைக்குப் பெண்கள் வருவது கொங்குப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அந்த மாத்திரையில் பெரும்பாலும் இருப்பது நோரெதிஸ்டிரோன் என்ற மருந்து. புரோஜெஸ்டிரான் ஹார்மோனைப் போலவே செயல்படும்படி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது அது. சினைப்பை நீர்க்கட்டி இருப்பதால் மூன்று, நான்கு மாதமாக மாதவிடாய் வராத பெண்ணுக்கு, அதை வரவழைப்பதற்காக மருத்துவர் எழுதித் தருவதும் இதே குடும்பத்து மருந்தைத்தான்; சில நேரம் இதே மாத்திரையைத்தான்.

வருவதைத் தடுக்கவும் வராததை வரவழைக்கவும் ஒரே மருந்து எப்படிப் பயன்படும் என்று குழம்புவது இயல்பு. ஸ்கேன் அறிக்கையில் 'எண்டோமெட்ரியம் தடிப்பு 14 மி.மீ.' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் பயப்படுவதும் அதே குழப்பத்தின் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. கருப்பையின் உட்படலத்தில் எந்தச் செல், எப்போது, யாருடைய கட்டளையால் பிரிகிறது என்பதே அந்த இடம். இதைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதியைக் கற்றுத் தந்தவை சுண்டெலிகள்.

திசுக்களும் ஹார்மோன்களும்

கருப்பையின் சுவரை உள்ளிருந்து வெளியே பார்த்தால் மூன்று பகுதிகள் தெரியும்.

1. எபிதீலியம். கருப்பையின் உட்குழியை ஒட்டி, ஒற்றை வரிசையாக நெருங்கி நிற்கும் செல்களின் அடுக்கு. இது ஆங்காங்கே உள்ளே மடிந்து சுரப்பிகளாகவும் மாறியிருக்கும்.
2. ஸ்ட்ரோமா. எபிதீலியத்துக்கு அடியில் தளர்வாகப் பரவியிருக்கும் இணைப்புத் திசு. ரத்தக் குழாய்கள் இதற்குள்தான் ஓடுகின்றன. கரு பதிந்தபின் அதைச் சூழ்ந்து தாங்குவதும் இந்தத் திசுவே.
3. தசைச் சுவர். பிரசவ நேரத்தில் சுருங்கும் பகுதி. இந்தக் கட்டுரைக்கு இது தேவையில்லை.

முதல் இரண்டும் சேர்ந்ததே எண்டோமெட்ரியம் எனப்படும் உட்படலம். இவை இரண்டும் ஒட்டியே இருந்தாலும் வெவ்வேறு வகைச் செல்களால் ஆனவை என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் விளக்கம் முழுவதும் இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது.

ஹார்மோன்களில் முக்கியமானவை இரண்டு. சினைப்பையில் முட்டையைத் தாங்கி வளரும் ஃபாலிக்கிள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. முட்டை வெளியேறியபின் அதே ஃபாலிக்கிள் உருமாறி, கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் நிறச் சுரப்பியாகி, புரோஜெஸ்டிரானைச் சுரக்கிறது. எனவே எல்லாப் பாலூட்டிகளிலும் ஈஸ்ட்ரோஜன் முதலில் உயர்கிறது, புரோஜெஸ்டிரான் பின்னால் வருகிறது. மாடு வளர்ப்பவர்கள் இந்த வரிசையைக் கண்ணால் பார்த்தவர்கள். பருவத்துக்கு வந்த மாடு கத்துவதும், கண்ணாடிபோன்ற கோழை அறுந்து விழாமல் கம்பியாகத் தொங்குவதும் ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருப்பதன் அடையாளங்கள். சினை ஊசி போட அதுவே நேரம். அதன்பின் புரோஜெஸ்டிரானின் ஆட்சி தொடங்கும். சினை பிடிக்காவிட்டால் அது விழுந்து, ஏறத்தாழ 21 நாள் சுழற்சியில் மாடு மறுபடியும் பருவத்துக்கு வரும்.

சுண்டெலியைத் தேர்ந்தெடுத்தது ஏன்

பெண்ணின் சுழற்சி ஏறத்தாழ 28 நாள், மாட்டுக்கு 21 நாள், சுண்டெலிக்கோ 4 முதல் 5 நாள் மட்டுமே. ஒரே வாரத்தில் ஒரு முழுச் சுழற்சியைத் தொடக்கம் முதல் முடிவுவரை கண்காணித்துவிடலாம்.

அந்தச் சிறு விலங்கு எந்த நாளில் இருக்கிறது என்பதை அறிய ரத்தப் பரிசோதனைகூடத் தேவையில்லை. அதன் பிறப்புறுப்பில் ஒரு சொட்டு உப்புநீரை விட்டு உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமிட்டு நுண்ணோக்கியில் வைத்தால் போதும். உட்கரு தெளிவாகத் தெரியும் உருண்டைச் செல்கள் நிறைந்திருந்தால் ஈஸ்ட்ரோஜன் ஏறிக்கொண்டிருக்கிறது. உட்கருவை இழந்து காய்ந்த சருகுபோல் மடிந்த செதில்கள் நிறைந்திருந்தால் எலி பருவத்தில் இருக்கிறது. பொடிப்பொடியாக வெள்ளையணுக்கள் மண்டியிருந்தால் பருவம் கடந்துவிட்டது. சுண்டெலியில் இந்த மாற்றங்களை 1922-இல் எட்கர் ஆலன் விவரித்தார். அடுத்த ஆண்டே அவரும் எட்வர்ட் டாய்சியும் இதே சோதனையை அளவுகோலாகக் கொண்டு, ஃபாலிக்கிள் நீரில் பருவத்தை உண்டாக்கும் ஒரு பொருள் இருப்பதை நிறுவினார்கள். ஈஸ்ட்ரோஜன் ஆராய்ச்சியின் அடித்தளம் அது.

அதைவிட முக்கியமான வசதி ஒன்று உண்டு. சினைப்பைகளை அறுவை செய்து நீக்கிவிட்டால் சுண்டெலியின் உடலில் இந்த ஹார்மோன்களின் சொந்தச் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோகும். கருப்பை ஒடுங்கி, செல் பிரிதல் அடங்கிவிடும். அதன்பின் எந்த ஹார்மோனை, எந்த வரிசையில், எத்தனை நாள் கொடுப்பது என்பதை ஆய்வாளரே தீர்மானிக்கலாம். இயற்கையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இரு கட்டளைகளையும் பிரித்துப் பார்க்க இந்த ஏற்பாடே வழிகோலியது.

ஈஸ்ட்ரோஜன் மட்டும், புரோஜெஸ்டிரானுக்குப் பின் ஈஸ்ட்ரோஜன்

ஃபின், மார்ட்டின் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1960-களின் பிற்பகுதியில் இந்தச் சோதனையை மிகப் பொறுமையாகச் செய்தார்கள். அவர்கள் அளந்தது கருப்பையின் எடையை அல்ல, பிரியும் செல்களின் எண்ணிக்கையை. செல் பிரியும்போது குரோமோசோம்கள் நடுக்கோட்டில் அணிவகுக்கும் கட்டத்திலேயே அதை நிறுத்திவைக்கும் கால்ச்சிசின் என்ற மருந்து அக்காலத்தில் இத்தகைய ஆய்வுகளில் பயன்பட்டது. அதைக் கொடுத்துச் சில மணி நேரம் கழித்துத் திசுவை மெல்லியதாக வெட்டிப் பார்த்தால், அந்த இடைவெளியில் பிரியத் தொடங்கிய செல்கள் எல்லாம் அதே நிலையில் உறைந்து நிற்கும். எபிதீலியத்தில் எத்தனை, ஸ்ட்ரோமாவில் எத்தனை என்று தனித்தனியாக எண்ண முடியும்.

கருப்பையை ஒரே உறுப்பாகக் கருதி எடைபோட்டவர்களுக்குத் தெரியாமல் போன ஓர் உண்மை, திசுவாரியாக எண்ணியபோது வெளிப்பட்டது. அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கண்டதை இப்படிச் சொல்லலாம்.

1. சினைப்பை நீக்கிய சுண்டெலிக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் ஊசியில் கொடுத்தால், முதல் சில மணி நேரத்தில் கருப்பை நீர் கோத்து வீங்குகிறது. ஏறத்தாழ அரை நாள் கழிந்ததும் எபிதீலியச் செல்கள் அலையடித்ததுபோல் ஒருசேர டிஎன்ஏவைப் படியெடுக்கத் தொடங்கி, ஒரு நாளுக்குள் பிரிகின்றன. ஸ்ட்ரோமாவில் பிரிதல் மிகக் குறைவே.
2. சில நாள் புரோஜெஸ்டிரானைக் கொடுத்துவிட்டு, அதன்மேல் அதே அளவு ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தால் காட்சி தலைகீழாகிறது. எபிதீலியம் அசைவதில்லை. ஸ்ட்ரோமாச் செல்கள் பிரிகின்றன.

இரண்டிலும் கடைசியாகக் கொடுத்தது ஒரே ஊசி, ஒரே அளவு. அதற்குமுன் அந்தக் கருப்பை எதைப் பார்த்திருந்தது என்பது மட்டுமே வேறு. ஹார்மோனை 'கூட்டும்', 'குறைக்கும்' என்று இரண்டு சொற்களில் பேசிப் பழகிய நமக்கு இந்த முடிவு இன்னும் முழுதாகப் புரியவில்லை என்றே நினைக்கிறேன். ஈஸ்ட்ரோஜன் வளர்ச்சியைத் தூண்டுமா என்ற கேள்விக்கு, எந்தத் திசுவில், எதற்குப்பின் என்று கேட்காமல் விடை சொல்ல முடியாது.

இயற்கை இந்த வரிசையை ஒவ்வொரு கர்ப்பத்திலும் கடைப்பிடிக்கிறது. சுண்டெலி இணைசேர்ந்த முதல் இரண்டு நாளில், முட்டை வெளியேறுவதற்குமுன் சுரந்த ஈஸ்ட்ரோஜனின் தாக்கத்தால் எபிதீலியம் பெருகுகிறது. மூன்றாம் நாள் புதிய கார்பஸ் லூட்டியத்தின் புரோஜெஸ்டிரான் எழ, பிரிதல் ஸ்ட்ரோமாவுக்கு இடம் மாறத் தொடங்குகிறது. நான்காம் நாள் சினைப்பை மீண்டும் சிறிதளவு ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. ஸ்ட்ரோமா வேகமாகப் பெருக, எபிதீலியமோ பிரிவதை விட்டுவிட்டுக் கருவை ஏற்கும் நிலைக்கு முதிர்கிறது. அன்று இரவு கரு சுவரில் ஒட்டுகிறது. எபிதீலியம் அந்த நேரத்திலும் பிரிந்துகொண்டிருந்தால் கரு பதியாது. செல் ஒன்று பெருகிக்கொண்டே தன் முதிர்ந்த வேலையையும் செய்வது அரிது என்பதால், பதிதலுக்குமுன் பிரிதல் நின்றே ஆகவேண்டும்.

கேட்கும் செல் வேறு, பிரியும் செல் வேறு

ஈஸ்ட்ரோஜன் ஒரு செல்லில் வேலை செய்ய அச்செல்லுக்குள் அதை ஏற்றுக்கொள்ளும் புரதம் வேண்டும். ஏற்பி எனப்படும் அந்தப் புரதம் இருப்பதை 1950-களின் இறுதியில் எல்வுட் ஜென்சன் கதிரியக்கக் குறியிட்ட எஸ்ட்ரடியால் என்ற ஈஸ்ட்ரோஜனைக் கொண்டு காட்டத் தொடங்கினார். கருப்பையில் முதன்மையாக இருப்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபா. அதன் ஜீனை நீக்கிய சுண்டெலிகள் 1993-இல் உருவாக்கப்பட்டன. அவற்றின் கருப்பை சிறுத்தே கிடந்தது, ஈஸ்ட்ரோஜனுக்கு வளரவில்லை. புரோஜெஸ்டிரான் ஏற்பி இல்லாத சுண்டெலிகள் 1995-இல் வந்தன. அவற்றுக்கு இரு ஹார்மோன்களையும் சேர்த்துக் கொடுத்தபோது எபிதீலியம் கட்டுக்கடங்காமல் பெருகியது.

ஏற்பி எபிதீலியத்திலும் இருக்கிறது, ஸ்ட்ரோமாவிலும் இருக்கிறது. பிரிவது எபிதீலியம் என்பதால் கட்டளையைக் கேட்பதும் அதுவே என்று கருதுவது இயல்பு. பால் குக், ஜெரால்ட் கூன்யா ஆகியோரின் குழு அதைச் சோதிக்கச் செய்த வேலை நுட்பமானது. பிறந்து சில நாளே ஆன சுண்டெலிக் குட்டிகளின் கருப்பையிலிருந்து எபிதீலியத்தையும் ஸ்ட்ரோமாவையும் நொதியின் உதவியோடு உரித்துப் பிரித்தார்கள். ஏற்பி உள்ள எலியின் ஸ்ட்ரோமாவோடு ஏற்பி இல்லாத எலியின் எபிதீலியத்தையும், ஏற்பி இல்லாத ஸ்ட்ரோமாவோடு ஏற்பி உள்ள எபிதீலியத்தையும் மாற்றி இணைத்து, நோயெதிர்ப்பு குன்றிய எலிகளின் சிறுநீரக உறைக்கு அடியில் வைத்து வளர்த்தார்கள். பிறகு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்கள்.

1997-இல் வெளியான முடிவு இது: ஸ்ட்ரோமாவில் ஏற்பி இருந்தால், எபிதீலியத்தில் ஏற்பியே இல்லாவிட்டாலும் எபிதீலியம் பிரிந்தது. ஸ்ட்ரோமாவில் ஏற்பி இல்லையென்றால், எபிதீலியத்தில் ஏற்பி இருந்தும் அது பிரியவில்லை. 2010-இல் வேறொரு குழு, எபிதீலியத்தில் மட்டும் ஏற்பியை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கி இதையே உறுதிசெய்தது. ஆனால் அந்த எலிகள் கருத்தரிக்கவில்லை. எபிதீலியச் செல்கள் பிரிந்தாலும் பின்னர் அதிகமாக மடிந்தன. பிரிவதற்கு ஸ்ட்ரோமாவின் சொல் போதும், பிழைத்து முழுமையாகச் செயல்படத் தன் சொந்த ஏற்பியும் வேண்டும் என்பதே இதன் பொருள்.

புரோஜெஸ்டிரான் விதிக்கும் தடையும் ஸ்ட்ரோமாவின் வழியாகவே செல்கிறது என்று 1998-இல் இதேபோன்ற மாற்று இணைப்புச் சோதனைகள் காட்டின. இந்த இடத்தில் மட்டும் விவகாரம் முழுதாக முடியவில்லை: எபிதீலியத்தில் மட்டும் புரோஜெஸ்டிரான் ஏற்பியை நீக்கிய பிந்தைய சுண்டெலிகளில், ஈஸ்ட்ரோஜனைப் புரோஜெஸ்டிரானால் சரிவரத் தடுக்க இயலவில்லை. இரு திசுக்களும் ஒன்றுக்கொன்று பேசுகின்றன, ஒன்று மட்டும் உத்தரவிடுவதில்லை என்று இதை எடுத்துக்கொள்வதே சரியாகப் படுகிறது. அந்தப் பேச்சின் மூலக்கூறுகளும் பல தெரியவந்துள்ளன.

இரு திசுக்களுக்கு இடையில் நடக்கும் தூது

ஈஸ்ட்ரோஜனைக் கேட்ட ஸ்ட்ரோமாச் செல்கள் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் சிறு புரதங்களை வெளியிடுகின்றன. அவற்றில் முக்கியமானவை இன்சுலினைப் போன்ற அமைப்புடைய ஐஜிஎஃப்-1, மற்றும் எஃப்ஜிஎஃப் குடும்பத்தைச் சேர்ந்த சில. இவை சற்றுத் தள்ளியிருக்கும் எபிதீலியச் செல்லின் மேற்பரப்பில் தத்தம் ஏற்பிகளைப் பற்றி, உள்ளே பிரிதலுக்கான இயந்திரத்தை முடுக்குகின்றன.

புரோஜெஸ்டிரான் வந்ததும் நடப்பதை வரிசையாகச் சொல்வது எளிது.

1. எபிதீலியத்தில் புரோஜெஸ்டிரான் 'இந்தியன் ஹெட்ஜ்ஹாக்' என்ற சமிக்ஞைப் புரதத்தை உண்டாக்குகிறது.
2. அது ஸ்ட்ரோமாவை அடைந்து, அங்கே ஜீன்களை இயக்கும் புரதங்களைத் தூண்டுகிறது. புரோஜெஸ்டிரான் நேரடியாகவும் ஸ்ட்ரோமாவில் செயல்படுகிறது.
3. அதன் பலனாக ஸ்ட்ரோமாவில் ஹேண்ட்2 என்ற புரதம் பெருகுகிறது.
4. ஹேண்ட்2 ஸ்ட்ரோமாவின் எஃப்ஜிஎஃப் உற்பத்தியை அடக்குகிறது. தூது வராததால் எபிதீலியம் பிரிவதை நிறுத்துகிறது.

நான்காவது படியை 2011-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகக் குழு நிறுவியது. கருப்பையில் ஹேண்ட்2 ஜீனை நீக்கிய சுண்டெலிகளில் புரோஜெஸ்டிரான் இருந்தும் எபிதீலியம் பிரிந்துகொண்டே இருந்தது, கரு பதியவில்லை.

பவானிசாகர் அணையில் தண்ணீர் திறந்திருக்கும் நாளிலும் மடையை அடைத்துவிட்டால் கீழ்பவானி வாய்க்காலோரத்து வயலுக்கு நீர் பாயாது. புரோஜெஸ்டிரான் அடைப்பது அந்த மடையைத்தான். ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அப்படியே இருக்கலாம். அதன் சொல் எபிதீலியத்துக்குப் போய்ச் சேருவதில்லை.

செல்லுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிய முடிவெடுக்கும் செல்லில் சைக்ளின் டி1 என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து, டிஎன்ஏவைப் படியெடுக்கும் கட்டத்துக்கான பூட்டைத் திறக்கிறது. புரோஜெஸ்டிரான் பெற்ற எபிதீலியத்தில் சைக்ளின் டி1 உற்பத்தி ஆகியிருந்தும் உட்கருவுக்குள் செல்லாமல் வெளியிலேயே தேங்கி நிற்பதை ஜெஃப்ரி பொலார்டின் ஆய்வகம் 1999-இல் காட்டியது. டிஎன்ஏவின் எந்த இடத்திலிருந்து படியெடுக்கலாம் என்று அனுமதி அளிக்கும் எம்சிஎம் புரதங்களையும் புரோஜெஸ்டிரான் தடுக்கிறது என்று அதே ஆய்வகம் பின்னர் கண்டது. ஒரே பாதையில் இரண்டு தடுப்புகளை வைத்திருப்பது, இங்கே தவறு நேர்ந்தால் விளைவு பெரிது என்பதற்குச் சான்று.

மாத்திரைகளுக்கும் ஸ்கேன் அறிக்கைக்கும் இதன் பொருள்

பெண்ணின் மாதச் சுழற்சியிலும் அடிப்படை வரிசை இதுவே. முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜனால் உட்படலம் பெருகுகிறது. முட்டை வெளியேறியபின் புரோஜெஸ்டிரான் எபிதீலியப் பெருக்கத்தை நிறுத்தி, சுரப்பிகளை முதிரவைத்து, ஸ்ட்ரோமாவைக் கருவுக்காக ஆயத்தம் செய்கிறது. கரு பதியாவிட்டால் கார்பஸ் லூட்டியம் சுருங்கிப் புரோஜெஸ்டிரான் விழுகிறது. அந்த வீழ்ச்சியே மாதவிடாய்க்கான தூண்டுதல்.

இதை வைத்து இரண்டு மாத்திரைகளையும் பார்க்கலாம்.

- தள்ளிப்போடும்போது: புரோஜெஸ்டிரான் விழப்போகும் நாளுக்குமுன்பே மாத்திரையைத் தொடங்குவதால் வீழ்ச்சி ஒத்திவைக்கப்படுகிறது. மாத்திரையை நிறுத்தும்வரை உட்படலம் உதிராது. நிறுத்திய சில நாளில் உதிரும்.
- வரவழைக்கும்போது: சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்ணுக்கு முட்டை வெளியேறாத மாதங்களில் கார்பஸ் லூட்டியமே உருவாவதில்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தொடர்ந்து இருக்கிறது, உட்படலம் பெருகிக்கொண்டே போகிறது. மருத்துவர் சில நாள் புரோஜெஸ்டிரான் வகை மருந்தைக் கொடுத்துப் பெருக்கத்தை நிறுத்தி, பின் அதை விலக்கி, அந்த வீழ்ச்சியைச் செயற்கையாக உண்டாக்குகிறார்.

இரண்டிலும் உதிர்வது மருந்தை நிறுத்தியபின்தான். மாத்திரை போட்டும் வரவில்லை என்று இடையில் கவலைப்படுவோர் இதைக் கவனிக்க வேண்டும். மருந்துக்கடையில் தானாக வாங்குவோருக்கு ஒன்று: நோரெதிஸ்டிரோனின் ஒரு சிறு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன் வகைப் பொருளாக மாறுகிறது, காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு தனக்கோ நெருங்கிய உறவிலோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் அதை விழுங்கக் கூடாது.

மாதவிடாயை வரவழைப்பது வெறும் கணக்குக்காக என்று பலரும் கருதுகிறார்கள். அப்படியில்லை. சினைப்பை நீக்கிய சுண்டெலிக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தபோது நடந்ததே, புரோஜெஸ்டிரான் இல்லாத மாதங்களில் இந்தப் பெண்ணின் கருப்பைக்குள்ளும் நடக்கிறது. தடையின்றி ஆண்டுக்கணக்கில் பெருகும் எபிதீலியத்தில் மிகைப்பெருக்கம் தோன்றலாம். அதிலிருந்து உட்படலப் புற்றுநோய் வரலாம். 1975-இல் அமெரிக்காவில் வெளியான இரு ஆய்வுகள், மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்துக்கொண்ட பெண்களிடம் இப்புற்றுநோய் பல மடங்கு கூடியதைக் காட்டின. அதற்குப்பின், கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் தரும்போது புரோஜெஸ்டிரானையும் சேர்ப்பது வழக்கமாயிற்று. மாதாமாதம் விட்டுவிட்டுத் தருவதானால் 12 முதல் 14 நாள்வரை. எபிதீலியம் அடங்கி முதிர அவ்வளவு காலம் தேவை.

உடல் பருமன் இந்தக் கணக்கில் ஏன் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி, உடலில் சுற்றும் ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. சினைப்பை ஓய்ந்த வயதிலும் இது நிற்பதில்லை, புரோஜெஸ்டிரானோ அந்த வயதில் இல்லை. மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டாமாக்ஸிஃபென் மார்பில் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்தாலும் கருப்பையில் ஈஸ்ட்ரோஜனைப்போல் நடந்துகொள்வதால், அதை எடுத்துக்கொள்ளும் பெண்களிடம் புதிதாக ரத்தப்போக்கு ஏற்பட்டதா என்று மருத்துவர்கள் தவறாமல் கேட்கிறார்கள்.

ஸ்கேன் அறிக்கையின் எண்ணையும் நாளோடு சேர்த்தே படிக்க வேண்டும். மாதவிடாய் முடிந்த உடன் 2 முதல் 4 மி.மீ. இருக்கும் உட்படலம், முட்டை வெளியேறும் நாளுக்கு அருகில் 11 மி.மீ. வரையும், சுழற்சியின் பின்பாதியில் 16 மி.மீ. வரையும் போகலாம். ஆகவே 14 மி.மீ. என்பது ஒருவருக்கு இருபத்திரண்டாம் நாளின் இயல்பான அளவாகவும், நான்கு மாதமாக மாதவிடாய் வராத இன்னொருவருக்குக் கவனிக்க வேண்டிய அளவாகவும் இருக்கும். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ரத்தம் காணும் பெண்ணுக்கு, 4 மி.மீ.க்கு மேற்பட்ட தடிப்பே பயாப்ஸி (திசுவைச் சிறிது எடுத்துச் சோதிப்பது) எடுத்துப் பார்க்கப் போதுமான காரணம். 'இந்த வயசுல சூட்டுக்குப் படுது' என்று அதை வீட்டிலேயே மறைத்து நாள் கடத்துவது இன்றும் நடக்கிறது. தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணமாக்கக்கூடிய இந்தப் புற்றுநோயில் அந்தத் தாமதத்துக்கு எந்த நியாயமும் இல்லை.

சுண்டெலியிலிருந்து பெண்ணுக்கு எவ்வளவு தூரம்

சுண்டெலியில் கண்ட எல்லாவற்றையும் அப்படியே பெண்ணுக்குப் பொருத்தக் கூடாது. சாதாரண ஆய்வகச் சுண்டெலிக்கு மாதவிடாய் கிடையாது. அதன் ஸ்ட்ரோமா இயல்பில் கரு தொட்டால் மட்டுமே முழுமையாக உருமாறும். பெண்ணிலோ கரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மாதமும் அந்த மாற்றம் தொடங்கிவிடுகிறது, அதனால்தான் உதிரவும் வேண்டியிருக்கிறது. கரு பதிய நான்காம் நாளில் ஈஸ்ட்ரோஜனின் சிறு எழுச்சி சுண்டெலிக்குக் கட்டாயம். பெண்ணுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை.

ஆயினும் எபிதீலியத்தைப் புரோஜெஸ்டிரான் ஸ்ட்ரோமாவின் வழியாக அடக்குகிறது என்ற மையக் கருத்து மனிதரிலும் செல்லுபடியாகிறது என்பதற்கு வலுவான சான்று 2013-இல் கிடைத்தது. உட்படலப் புற்றுநோய்த் திசுக்களின் டிஎன்ஏவில் எந்தெந்த ஜீன்கள் மெத்தில் குறியிட்டு முடக்கப்பட்டிருக்கின்றன என்று தேடிய ஆய்வாளர்கள், அடிக்கடி முடக்கப்பட்டவற்றுள் ஹேண்ட்2 இருப்பதைக் கண்டார்கள். புற்றுநோய்க்கு முந்தைய மிகைப்பெருக்க நிலையிலேயே அந்த முடக்கம் தொடங்கியிருந்தது. கருப்பையில் ஹேண்ட்2 இல்லாத சுண்டெலிகளுக்கு வயது ஏறியபோது, அதேபோன்ற முன்நிலைப் புண்கள் தோன்றின.

குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் இளம்பெண்ணுக்கு மிகைப்பெருக்கம் கண்டறியப்பட்டால், கருப்பையை எடுக்காமல் புரோஜெஸ்டிரான் வகை மாத்திரையாலோ, லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அதே வகை மருந்தைச் சுரக்கும் கருப்பைச் சாதனத்தாலோ சிகிச்சை தந்து, சில மாதத்துக்கு ஒருமுறை பயாப்ஸி எடுத்துப் பார்க்கிறார்கள். பெரும்பாலோருக்கு உட்படலம் இயல்புக்குத் திரும்புகிறது, சிலருக்குத் திரும்புவதில்லை. ஹேண்ட்2 கடுமையாக முடக்கப்பட்டிருந்த திசுக்களே புரோஜெஸ்டிரானுக்குச் சரியாகப் பணியவில்லை என்றும் அந்த 2013 ஆய்வு தெரிவித்தது. இப்படி முதல் பயாப்ஸியிலேயே ஸ்ட்ரோமாவின் நிலையை அறிந்து, மருந்துக்குப் பணியக்கூடியவர் யார், காத்திருக்கக் கூடாதவர் யார் என்று பிரித்தறியும் சோதனையை உருவாக்குவதே இப்போது இந்தத் துறையின் முன்னுள்ள வேலை.